வீட்டுக் கணக்கு: பன்னிரண்டு இடங்களுக்கு ஒரே பாஸ்



பொல்பிட்டியவிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு அங்கே ஒரு சில்லறைக் கடை. பல வருடங்களாகச் சீட்டுப் பிடித்தும், கடையில் மிச்சம் வைத்தும் சேர்த்த பணத்தில், வருகிற பாடசாலை விடுமுறைக்கு மூன்று நாள் சிங்கப்பூர் போய்வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். போகிறவர்கள் ஐந்து பேர். கணவன், மனைவி, 12 வயது மகன், 2 வயது மகள், 68 வயது உம்மா. உம்மாவின் வாப்பா இளமையில் சிங்கப்பூரில் ஒரு கடையில் நின்றவராம். சிறு வயதில் வாப்பா சொல்லிக் கேட்ட ஊரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை.

விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. லிட்டில் இந்தியா பகுதியில் செரங்கூன் வீதிக்குப் பக்கத்தில் தங்குமிடமும் பேசியாகிவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி. கொழும்பில் பயண ஏற்பாடு செய்துகொடுக்கும் ஒருவர், "பன்னிரண்டு இடங்களுக்கு ஒரே பாஸ், ஆளுக்கு நாற்பதாயிரம் ரூபா. அங்கே போய்த் தனித்தனியாக வாங்கினால் இரண்டு மடங்கு முடியும்" என்று சொல்லியிருக்கிறார். கைக்குழந்தைக்கு வேண்டாமாம். அப்படியானால் நான்கு பேருக்கு 160,000 ரூபா. "இவர் எடுத்துவிடுவோம் என்கிறார். உம்மா, எனக்கு வேண்டாம் மகள் என்கிறா. நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார் சகோதரி.

கேள்வி சிறியதுபோலத் தெரியலாம். ஆனால், 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 160,000 ரூபா என்பது 118 நாள் கொழுந்து பறித்தால் வரும் பணம். அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவர்கள் அநேகமாகத் தோட்டத்து மக்கள்தான். ஆகவே அந்தச் சகோதரிக்கு இந்தத் தொகையின் கனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது, இப்படிப்பட்ட பாஸ் ஒன்று கண் முன்னால் வரும்போது எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதுதான்.

நம் மலைநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாஸ் ஒன்று உண்டு. அதுதான் 'சீசன்'. பாடசாலைப் பிள்ளைக்குச் சீசன் எடுத்தால் இலாபமா என்று எந்தத் தாயும் இரவிரவாக யோசிப்பதில்லை. பிள்ளை நாளுக்கு இரண்டு தடவை, அதே பாதையில், அதே பஸ்ஸில் போய் வருகிறது. மாதத்தில் எத்தனை நாள் பாடசாலை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். நகரத்தைச் சுற்றிப் பார்க்கிற பாஸும் பெயரளவில் அதே சாமான்தான். ஆனால் அதில் எத்தனை தடவை போவோம் என்பது நமக்குத் தெரியாது. விற்கிறவர் பன்னிரண்டு என்கிறார். நாமும் அந்தப் பன்னிரண்டை வைத்தே மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிடுகிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிநாட்டுக்குப் போக முன், நம் நாட்டிலேயே இருந்த ஒரு பாஸைப் பார்ப்போம். 1980 இல் மத்திய கலாசார நிதியம் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா, கண்டி முதலிய புராதன இடங்களைப் பேணுகின்ற 'கலாசார முக்கோணம்' என்ற திட்டம் அதனுடையது. யுனெஸ்கோவும் அதற்குக் கைகொடுத்தது. வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகளுக்கென்று அந்த நிதியம் ஒரு கூட்டுச் சீட்டு விற்றது. ஒரே சீட்டில் எல்லா இடமும் பார்க்கலாம் என்பதுதான் பேச்சு. 2009 அளவில் அதன் விலை 50 டொலர். தனித்தனியாக வாங்கினால் அநுராதபுரம் 25, பொலன்னறுவை 25, சீகிரியா 25.

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். மூன்று இடமும் போகிறவருக்கு 75 டொலர் முடிகிற இடத்தில் 50 டொலர்தான் முடியும். 25 டொலர் இலாபம். இரண்டு இடம் மட்டும் போகிறவருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சீகிரியாவை மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் கண்டிக்குத் திரும்பிவிடுகிறவருக்கு 25 டொலர் நட்டம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஆனால் சீகிரியாவிலிருந்து பொலன்னறுவை 50 கிலோமீற்றருக்கும் மேல். அநுராதபுரம் அதைவிடத் தூரம், அதுவும் வேறு திசையில். இரண்டு நாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் மூன்று இடத்துக்கான சீட்டை எடுத்தால், அது அவருக்கு ஆசைச் சீட்டு. அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. தம்புள்ளை குகைக் கோயிலும் கண்டி தலதா மாளிகையும் அந்தச் சீட்டில் அடங்கவில்லை. அவை தனி நிர்வாகம், கட்டணமும் தனி. 'எல்லாம் அடங்கிய' சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்புள்ளை வாசலில் நின்று மறுபடியும் பணம் கட்டிய வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேர். பின்னர் அந்தச் சீட்டே நிறுத்தப்பட்டது. 2010களில் சீகிரியாவுக்கு 30 டொலர், மற்ற இரண்டுக்கும் 25 என்று தனித்தனியாகவே அறவிட்டார்கள். நம் நாட்டவருக்கு அந்த இடங்களில் சிறிய ரூபாத் தொகைதான். ஆகவே நம்மில் பலர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது நாமே வெளிநாட்டுப் பிரயாணியாகப் போகும்போது அந்த வெள்ளைக்காரரின் நிலை நமக்கு வருகிறது.

இனி சகோதரியின் பயணத்துக்கு வருவோம்.

மூன்று நாள் என்கிறார். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நாலு மணித்தியால விமானம். போகிற நாளும் வருகிற நாளும் போக, முழுதாகக் கையில் இருப்பது எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். கடிதத்தில் உள்ளபடி முதல் நாள் மத்தியானம் போய்ச் சேர்கிறார்கள், மூன்றாம் நாள் இரவு விமானம். அதாவது இரண்டரை நாள் கூட இல்லை. அதற்குள் தொழுகை, ஹலால் சாப்பாடு தேடிப் போகிற நேரம், சின்னவளின் பகல் தூக்கம், உம்மாவின் முழங்கால். இவற்றையெல்லாம் யாரும் பாஸின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவதில்லை.

பன்னிரண்டு இடங்களில் முதலாவதாக இருப்பது மிருகக்காட்சிசாலை. அது நகரத்தின் வடக்கே மண்டாயில் இருக்கிறது. ரயிலில் போய், இறங்கி, அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டும். போய்வர, சுற்றிப் பார்க்க ஒரு பகல் போய்விடும். அதே நாளில் தெற்குக் கரையில் இருக்கிற சென்டோசாத் தீவையும் பார்ப்போம் என்பது காகிதத்தில் சரி. இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முடியாது. பட்டியலில் ஜூரோங் பறவைப் பூங்காவும் இருப்பதாகச் சகோதரி எழுதியிருக்கிறார். அந்தப் பூங்கா 2023 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது. பறவைகளையெல்லாம் மண்டாய்க்குக் கொண்டுபோய் வேறு பெயரில் புதிய பூங்கா திறந்தார்கள். பட்டியல் அச்சடித்து எத்தனை வருடமாயிற்று என்பது இதிலிருந்தே தெரிகிறது! பணம் கட்டுமுன் ஒவ்வொரு இடமும் இப்போது திறந்திருக்கிறதா, நீங்கள் போகிற கிழமையில் திறந்திருக்குமா என்று பிள்ளையைக் கொண்டு கைத்தொலைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். ஒரு சிங்கப்பூர் டொலர் 225 ரூபா என்று வைத்தால், 40,000 ரூபா என்பது ஏறத்தாழ 178 டொலர். இரண்டரை நாளில் கணவரும் மகனும் ஓடி ஓடிப் பார்த்தாலும் நான்கு இடத்துக்கு மேல் முடியாது என்பது என் கணிப்பு. நான்கு இடம் என்றால் ஒவ்வொன்றும் தனியாக 44 டொலருக்கு மேல் விலையுள்ளதாக இருந்தால்தான் பாஸ் கட்டுப்படியாகும். அந்த ஊரில் அப்படி விலையுள்ள பெரிய இடங்கள் சில உண்டு. பெரிய இராட்டினச் சக்கரமும் ஆற்றுப் படகுச் சவாரியும் அந்த விலையில் இல்லை. அவை பட்டியலை நீளமாக்க வைத்தவை.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ் எடுப்பதென்றால் நான்கு பேருக்கும் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். உம்மா வேண்டாம் என்கிறா. சகோதரிக்கும் சக்கரத்தில் ஏற விருப்பம் இருப்பதாக ஒரு வரி கூட இல்லை. சின்னவளை வைத்துக்கொண்டு கீழே நிற்கப் போகிறவர் அவர்தான். ஆசைப்படுகிறவர்கள் கணவரும் மகனும். 160,000 ரூபாவில் 80,000 ரூபா, கேட்காத இருவருக்காகக் கட்டப்படுகிறது. 'குடும்பம்' என்று ஒரே சொல்லில் சொல்லும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. விற்கிறவர்களுக்கும் அந்தச் சொல்லில் நல்ல பிரியம்.

பொல்பிட்டியவுக்குக் கீழே கித்துல்கலயில் இது தினமும் நடக்கிறது. களனி கங்கையில் படகுச் சவாரிக்கென்று கொழும்பிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள், ஆற்றுச் சவாரி, நீரோடையில் குதிப்பது, பகல் சாப்பாடு எல்லாம் சேர்த்து 'பெக்கேஜ்' எடுத்துவிடுகிறார்கள். வந்து இறங்கியபின், மூத்தவர்கள் கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் பணம் போயிருக்கும். சகோதரிக்கு இது நான் சொல்லாமலே தெரியும். தம் ஊரில் பார்ப்பதைத் தம் பயணத்தில் பொருத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உம்மாவுக்கு என்ன வேண்டும்? தம் வாப்பா நடந்த தெருவும், தொழுத பள்ளியும். வாப்பா எந்தக் கடையில் நின்றார் என்று உம்மாவுக்கு நினைவில்லையாம். ஆனாலும் அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம்கள் கூடிய இடங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. சவுத் பிரிட்ஜ் வீதியில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். தென்னிந்தியாவிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1826 இல் தொடங்கியது. அங்கிருந்து மெதுவாக நடந்தால் தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்ஹா, 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. கம்போங் கிளாமில் தங்கநிறக் குவிமாடத்தோடு சுல்தான் பள்ளிவாசல். இப்போதுள்ள கட்டடம் 1932 இல் முடிந்தது. தொழப் போகிறவரிடம் இங்கெல்லாம் யார் கட்டணம் கேட்கப் போகிறார்கள்? ஆகவே இவை எந்தப் பாஸிலும் இல்லை.

பிள்ளைகளுக்கும் இலவச இடங்கள் உண்டு. மரினா கரையோரப் பூந்தோட்டத்தில் கண்ணாடி மண்டபங்களுக்குள் போகத்தான் கட்டணம். வெளித் தோட்டமும், இரவில் அந்த இராட்சத மரங்களில் நடக்கிற விளக்குக் காட்சியும் சும்மா பார்க்கலாம். 7.45க்கு ஒன்று, 8.45க்கு ஒன்று. அந்த ஊரில் மஃரிப் ஏழு மணியை ஒட்டி வரும். தொழுதுவிட்டு ஆறுதலாகப் போகலாம். 2015 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்காவும் இலவசம்தான். ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் பணம். பேராதனைக்குப் போய் மரநிழலில் பாய் விரித்துச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அது ஒரு நல்ல பின்னேரம்.

உம்ராவை முடித்துக்கொண்டு இஸ்தான்புல் வழியாக வருகிற நம்மவர்களுக்கும் இதே விடயத்தைச் சொல்லி வைக்கிறேன். சுலைமானியாப் பள்ளிவாசலும் சுல்தான் அஹமத் பள்ளிவாசலும் எல்லோருக்கும் இலவசம். ஆயா சோபியா 2020 ஜூலையில் மறுபடியும் பள்ளிவாசலானது. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பிரயாணிகள் மேல்மாடத்தைப் பார்க்க 25 யூரோ கட்ட வேண்டும். கீழ்த்தளத்தில் தொழுகிறவருக்குக் கட்டணம் இல்லை. நகரத்துப் பாஸை விற்கிறவர், "பள்ளிவாசல்களும் இதில் அடங்கும்" என்று சொன்னால், எந்த வாசலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

சிங்கப்பூரில் போக்குவரத்துக்கென்றும் ஒரு பாஸ் இருக்கிறது. கணவர் அதையும் சேர்த்து எடுக்க எண்ணியிருக்கிறார். உல்லாசப் பிரயாணிக்கான அந்த அட்டையில் ரயிலும் பஸ்ஸும் எத்தனை தடவையும் ஏறலாம். 2010களில் ஒரு நாளுக்கு 10 டொலர், இரண்டு நாளுக்கு 16, மூன்று நாளுக்கு 20 என்று விற்றார்கள். முற்பணம் வேறு. அதன் பிறகு விலை ஏறியிருக்கிறது. நான் பழைய 10 டொலரையே வைத்துக் கணக்குக் காட்டுகிறேன். அதுவே கட்டாவிட்டால் புதிய விலை எங்கே கட்டப் போகிறது?

உம்மாவோடு போகிற ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் லிட்டில் இந்தியாவிலிருந்து சைனாடவுனுக்கு ஒரே ரயில், மூன்றாவது தரிப்பு. சூலியாப் பள்ளியைப் பார்த்துவிட்டுத் தெலுக் ஆயருக்கு நடை. அங்கிருந்து ரயிலில் பேஃபிரண்ட், பூந்தோட்டம். பிறகு பூகிஸ், சுல்தான் பள்ளிவாசல். அங்கிருந்து திரும்ப லிட்டில் இந்தியா. (விளக்குக் காட்சி பார்க்கிற நாளில் பள்ளியை முதலிலும் தோட்டத்தைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளலாம்.) மொத்தம் நான்கு ரயில் பயணம், நான்கும் குறுந்தூரம். 2024 டிசம்பர் கட்டண மாற்றத்தில், பெரியவர் ஒருவர் அட்டையில் போகிற ஒரு பயணத்துக்கு ஆகக் குறைந்தது 1.19 டொலர், ஆகக் கூடியது 2.47 டொலர் என்று வைத்தார்கள். நான்கு பயணத்துக்கும் ஆகக் கூடிய கட்டணத்தையே போட்டாலும் 9.88 டொலர். அந்தக் காலத்துப் பாஸின் விலையைக் கூடத் தொடவில்லை. உண்மையில் இவை குறுந்தூரம் என்பதால் அதில் பாதியளவுதான் போகும். ஆளுக்கொரு சாதாரண அட்டையில் கொஞ்சம் பணம் போட்டுக்கொண்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டிக்கொண்டு போவதே போதும்.

சின்னவள் 90 சென்ரிமீற்றருக்குக் கீழ் என்றால் அவளுக்குக் கட்டணமே இல்லை. வீட்டுச் சுவரில் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள். மகனுக்கும் உம்மாவுக்கும் பெரியவர் கட்டணம்தான். அந்த ஊர் மாணவர், முதியோர் சலுகை வருகிறவர்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று, அந்தப் பிரயாணி அட்டையில் 'ஒரு நாள்' என்றால் 24 மணித்தியாலம் அல்ல, அன்றைய திகதி. மத்தியானம் போய் இறங்கி அதை எடுத்தால், அரை நாளுக்கு முழு நாள் விலை. எந்த ஊர்ப் பாஸாக இருந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

அப்படியானால் பாஸ் எதுவுமே உதவாதா என்று கேட்பீர்கள். உதவும். தனியாக, இளவயதில், கால்வலி தெரியாமல் போகிறவருக்கு, அதுவும் ஒரு நாளில் மூன்று பெரிய இடங்களை முடித்துவிடுகிற ஆளுக்கு நன்றாகவே கட்டும். நீண்ட வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிற பாஸ் என்றால், நேரத்துக்கும் ஒரு விலை போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்த விலைகள் நிலையாக நிற்பதில்லை. ஜப்பானுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும், 'முதலில் ரயில் பாஸ் எடு' என்றுதான் வெகுகாலம் புத்தி சொன்னார்கள். ஏழு நாள் சாதாரண பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே அந்தப் பணத்தில் பெரும்பங்கு கழிந்துவிடும். 2023 ஒக்டோபர் முதலாம் திகதி அது 50,000 யென் ஆயிற்று. அதே பயணத்துக்கு இப்போது பாஸ் எடுத்தால் வெளிப்படையான நட்டம். புத்தி சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் போய்வந்த வருடம் வேறு. மச்சான் போய்வந்தார், அவர் எடுத்தார் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

லண்டனில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. அங்கே அட்டையைத் தட்டிக்கொண்டு போனால், ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் அறவிடாமல் அதுவாகவே நின்றுவிடும். 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு நிலத்தடி ரயிலில் இலவசம். பிரிட்டிஷ் மியூசியம் போன்ற தேசிய நூதனசாலைகளுக்குள் போகவும் காசில்லை.

இந்தியாவுக்கு ஸியாரத் போகிறவர்கள் நம்மில் அநேகர். அஜ்மீருக்குப் போகிறவர்கள் டில்லியையும் ஆக்ராவையும் சேர்த்துக்கொள்வதும் வழக்கம். அங்கே பாஸைவிட முக்கியமானது உங்கள் கடவுச்சீட்டு. சார்க் நாட்டவர் என்பதால் குதுப்மினார் போன்ற தொல்லியல் துறை இடங்களில் இலங்கையர் இந்தியர் கட்டணத்திலேயே போகலாம். தாஜ்மஹாலில் 2018 டிசம்பரில் வைத்த கட்டணப்படி மற்ற வெளிநாட்டவருக்கு 1,100 இந்திய ரூபா, சார்க் நாட்டவருக்கு 540. பிரதான கபுறடிக்குப் போக மேலும் 200, இது எல்லோருக்கும் பொது. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம். 'எல்லா நுழைவுக் கட்டணமும் சேர்த்து' என்று ஒரு தொகை சொல்லப்பட்டால், உங்களை எந்த வரிசையில் வைத்துக் கணக்குப் போட்டார் என்று கேட்க வேண்டும். தாஜ்மஹால் வெள்ளிக்கிழமைகளில் பிரயாணிகளுக்கு மூடப்படும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அங்கிருந்து சொந்தக்காரர்கள் இங்கே வந்தாலும் இதேதான். 2010களில் சீகிரியாவுக்குச் சார்க் நாட்டவரிடம் பாதிக் கட்டணமே அறவிட்டார்கள். கடவுச்சீட்டைக் கண்டியில் ஹோட்டலில் வைத்துவிட்டுப் போனால் அந்தச் சலுகையை வாசலில் வாயால் சொல்லிப் பெற முடியாது.

சகோதரி, உங்களுக்கு என் பதில் இதுதான். உங்களுக்கும் உம்மாவுக்கும் பாஸ் வேண்டாம். போக்குவரத்துப் பாஸ் யாருக்கும் வேண்டாம். கணவரையும் மகனையும் இன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு ஒரு தாளோடு உட்காரச் சொல்லுங்கள். பட்டியலைப் பார்க்காமல், தாங்கள் உண்மையாகப் போக விரும்புகிற இடங்களை எழுதட்டும். எந்த நாளில், காலையா மாலையா என்று பக்கத்தில் குறிக்கட்டும். பிறகு ஒவ்வொரு இடத்தின் சொந்த விலையையும் பார்த்து எழுதிக் கூட்டட்டும். அந்தக் கூட்டுத்தொகை ஆளுக்கு 178 டொலரைத் தாண்டினால் அவர்கள் இருவருக்கும் எடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. தாண்டாவிட்டால் இரண்டொரு இடத்துக்குத் தனிச்சீட்டு எடுப்பது மலிவு. மிருகக்காட்சிசாலைக்கு நீங்களும் சின்னவளும் சேர்ந்து போக ஆசை வந்தால், அதற்கும் தனிச்சீட்டே போதும்.

விலை பேசுகிறவரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் வாங்குங்கள். எந்த எந்த இடம், எத்தனை நாளைக்குள் பாவிக்க வேண்டும், போகாவிட்டால் பணம் திரும்புமா. ரூபாவில் சொன்ன விலைக்கு டொலர் என்ன கணக்கில் போட்டார் என்றும் கேளுங்கள். 2022 இல் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை யாரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து சிலர், நாணயம் ஏறினாலும் தமக்கு நட்டம் வராதபடி கொஞ்சம் கூட்டியே போட்டுப் பழகிவிட்டார்கள். வங்கியின் அன்றைய விலையைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உம்மாவின் நாளை இரண்டாம் நாளாக வையுங்கள். முதல் நாள் பயணக் களைப்பு, மூன்றாம் நாள் சாமான் கட்டுகிற அவசரம். வெள்ளிக்கிழமையாக வந்தால் ஜும்ஆவுக்கு முன்பே சூலியாப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் அங்கே கூட்டம் அதிகம். உம்மாவுக்கு உட்கார இடம் பார்க்க வேண்டும்.